குருவி தலையில் ஆயிரம் சி.சி.

சென்ற இதழில் ஒரு வாசகர், “பழைய மாருதி 800-ல் புது எஞ்சின் வைக்கலாமா?” என்று கேட்டிருந்தார். “வைக்கலாம். ஆனால் வைக்காதீர்கள்” என்று மூன்றே சொற்களில் முடித்துவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களை அடுக்கினால் ஒரு 800-ன் டிக்கி நிறையும். (அந்த டிக்கியை நிறைக்க ஒரு அரிசி மூட்டையும் ஒரு மாமியார் பையும் போதும் என்பது வேறு விஷயம்.) ஆகவே இந்த இதழ் முழுக்க எஞ்சின்தான். சினிமா, அரசியல் கேள்விகள் அடுத்த இதழுக்கு. அவை எப்படியும் பழசாகாது.

● மூன்று சொல்லில் இரண்டு தீர்ப்பு! நீங்கள் என்ன பட்டிமன்ற நடுவரா?
*பட்டிமன்றப் பிரியர், பாளையங்கோட்டை*

மெக்கானிக் அணி ‘முடியும்’ என்கிறது. ஆர்.டி.ஓ. அணி ‘கூடாது’ என்கிறது. இரண்டு அணி சொல்வதும் உண்மை. பக்கத்து வீட்டு மாமரத்தில் ஏறக்கூட முடியும்தான். ஏறலாமா என்பது தனிக் கேள்வி.

● எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தக் காரில், எந்த எஞ்சினை வைக்கிறார்கள்?
*புதுமுகம், புதுக்கோட்டை*

கார், 1983 டிசம்பர் 14 அன்று முதல் சாவி கைமாறி, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800. உள்ளே மூன்று சிலிண்டர், 796 சி.சி. கார்புரேட்டர் காலத்தில் அதன் குதிரைத்திறன் 40-ஐத் தொடவில்லை. கியர் நான்கு.

வைக்க ஆசைப்படுவது, 2008-ல் ஏ-ஸ்டாரில் வந்து, 2010-ல் ஆல்டோவுக்கும் வேகன்-ஆருக்கும் போன ‘கே10’ எஞ்சின். இதுவும் மூன்று சிலிண்டர்தான். ஆனால் 998 சி.சி., சிலிண்டருக்கு நான்கு வால்வு, இரண்டு கேம்ஷாஃப்ட், டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின், சுமார் 67 குதிரைத்திறன். அதே கம்பெனி, அதே மூன்று சிலிண்டர், கூடுதல் 202 சி.சி. மட்டுமே. அண்ணன் சட்டையைத் தம்பி போடுகிற மாதிரித்தான் தோன்றும். போட்டுப் பார்த்தால்தான் கை எவ்வளவு தொங்குகிறது என்று தெரியும்.

● வைத்தால் எப்படி ஓடும்? கணக்கோடு சொல்லுங்கள்.
*ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கரூர்*

800-ன் எடை சுமார் 650 கிலோ. பழைய எஞ்சினோடு டன்னுக்குச் சுமார் 60 குதிரை. புதியதை வைத்தால் டன்னுக்குக் கிட்டத்தட்ட 100. அதே எஞ்சின் ஆல்டோவில் இதைவிடக் கூடுதல் எடையைத்தான் இழுக்கிறது. அதனால் 800-ல் வைத்தால் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி. ஆசைக்குக் காரணம் இந்தக் கணக்குதான். ஆனால் வாத்தியாரே, இது முதல் கணக்கு மட்டுமே. மீதிக் கணக்கு கீழே வருகிறது. அதில் கழித்தல்தான் அதிகம்.

● மைலேஜ் கூடுமா?
*மிச்சம் பிடிப்பவர், மேட்டுப்பாளையம்*

எஞ்சினுக்குத் தெரியாது. உங்கள் வலது காலுக்குத்தான் தெரியும்.

● “ரெண்டு நாள் வேலை சார், பழசை இறக்கிட்டுப் புதுசை ஏத்திடலாம்” என்கிறார் எங்கள் மெக்கானிக். நம்பலாமா?
*அவசரக்காரர், அரக்கோணம்*

நம்பலாம். இறக்குவது ஒரு நாள், ஏற்றுவது ஒரு நாள். நடுவில் இருக்கிற மாதங்களை அவர் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

புது எஞ்சினுக்குப் பழைய மவுண்ட் பொருந்தாது. புதிதாகச் செய்து வெல்டிங் வைக்க வேண்டும். எஞ்சினோடு அதன் கியர் பாக்ஸ், கியர் பாக்ஸோடு ஆக்சில், ஆக்சிலோடு கியர் லீவர் இணைப்பு, கிளட்ச் கேபிள், சைலன்சர் பைப், ரேடியேட்டர் ஹோஸ், வயரிங், கம்ப்யூட்டர் பெட்டி, பெட்ரோல் பம்ப் என்று ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வரும். கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை மட்டும் அழைத்துப் பாருங்கள், தெரியும்.

● எஞ்சின் மட்டும் புதுசு, கியர் பாக்ஸ் பழசே இருக்கட்டும் என்றால்?
*பாதிச் செலவுக்காரர், பழனி*

எஞ்சினும் கியர் பாக்ஸும் பெல் ஹவுசிங்கில் போல்ட் போட்டுச் சேர்கின்றன. வேறு குடும்ப எஞ்சின் என்றால் போல்ட் துளைகள் ஒன்றையொன்று பார்க்காது. லேத்தில் அடாப்டர் பிளேட் கடைந்து சேர்க்கலாம். ஆனால் கிராங்க் ஷாஃப்ட்டின் மையமும் கியர் பாக்ஸ் உள்தண்டின் மையமும் மயிரிழை விலகினாலும் கிளட்சும் பேரிங்கும் சீக்கிரம் உதிரும்.

அதோடு, 40 குதிரைக்கும் குறைவாகப் பழகிய கியர்ப் பல், 67 குதிரையைத் தாங்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே வண்டியிலிருந்து ஜோடியாக வருவதே நல்லது. தம்பதி சமேதராக அழையுங்கள்.

● கே10 கியர் பாக்ஸோடு வைத்துவிட்டேன். டயர் பழைய 12 அங்குலம்தான். ஸ்பீடோமீட்டர் 80 காட்டுகிறது, பின்னால் வரும் மொபெட் முந்துகிறது. ஏன்?
*குழம்பியவர், கும்பகோணம்*

800-ன் டயர் 145/70 ஆர்12. அதன் விட்டம் ஏறத்தாழ 508 மில்லிமீட்டர். ஆல்டோ கே10-ன் டயர் 155/65 ஆர்13. அது ஏறத்தாழ 532. அந்தப் பெரிய டயருக்காகக் கடைந்த கியர், உங்கள் சின்ன டயரைச் சுற்றுகிறது. அதே தூரத்துக்குச் சுமார் 5 சதவீதம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். முள் 80-ல் நிற்கும்போது நீங்கள் போவது 76. எஞ்சின் அந்த 5 சதவீதத்தைக் கூடுதலாகக் கத்தியும் தீர்க்கிறது.

அதற்காக மொபெட் முந்தியதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. 76-ல் முந்துகிற மொபெட்டில் என்ன எஞ்சின் மாற்றியிருக்கிறார்கள் என்று விசாரித்து எழுதவும்.

● எஞ்சின் ஏறிவிட்டது. சாவி போட்டால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, வண்டி கிளம்பவில்லை. மெக்கானிக் கையைப் பிசைகிறார்.
*தள்ளிக்கொண்டு திரிபவர், தஞ்சாவூர்*

பழைய 800-க்குக் காற்று, பெட்ரோல், பொறி மூன்றும் இருந்தால் போதும், கிளம்பிவிடும். வெள்ளந்தி. புது எஞ்சினோ ஒவ்வொன்றுக்கும் மேலதிகாரியிடம் அனுமதி கேட்கும். அந்த மேலதிகாரி ஈ.சி.எம். என்கிற கம்ப்யூட்டர் பெட்டி. கிராங்க் எங்கே இருக்கிறது, கேம் எங்கே இருக்கிறது, உள்ளே வரும் காற்றின் அழுத்தம் என்ன, தண்ணீர் எவ்வளவு சூடு, புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று தனித்தனி சென்சார் தகவல் சொல்ல வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கிளம்பவில்லை என்றால், சந்தேகப்பட வேண்டியது இம்மொபைலைசர். சாவிக்குள் இருக்கும் சிப்பைப் பெட்டி அடையாளம் காணாவிட்டால் பெட்ரோல் பீய்ச்சாது. திருடனைத் தடுக்க வைத்தது. உங்களையும் அது அப்படித்தான் நினைக்கிறது. ஆகவே எஞ்சின் வாங்கும்போதே அதே வண்டியின் ஈ.சி.எம்., முழு வயரிங், சாவி, சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள ஆன்டெனா வளையம் எல்லாவற்றையும் சேர்த்து வாங்க வேண்டும். வயரைப் பாதியில் வெட்டி விற்றால் அந்தக் கடையை விட்டு நகருங்கள்.

● கிளம்புகிறது. ஆனால் கொண்டை ஊசி வளைவில் இருமுகிறது.
*மலையேறி, கொடைக்கானல்*

கார்புரேட்டருக்குப் பெட்ரோல் சொட்டினால் போதும். இன்ஜெக்ஷன் எஞ்சினுக்குச் சுமார் 3 பார் அழுத்தத்தில் இடைவிடாமல் வர வேண்டும். அதற்கு மின்சாரப் பம்ப் டேங்க்குக்குள்ளேயே உட்கார வேண்டும். பழைய டேங்க்கில் அந்தப் பம்ப்புக்கு இடமும் இல்லை, பெட்ரோலைத் தேக்கிவைக்கும் குழியும் இல்லை. வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினால் பம்ப் காற்றைக் குடிக்கிறது. டேங்க்கை மாற்றுங்கள். அதுவரை முழு டேங்க்கோடு மலையேறுங்கள்.

● பிக்கப் பிரமாதம்! 120 போகிறது! உங்கள் புலம்பல் எல்லாம் பொய்!
*பறப்பவர், பெரம்பலூர்*

போகட்டும். நிற்கிறதா?

80-ல் போகும் வண்டியை நிறுத்த பிரேக் கரைக்க வேண்டிய ஆற்றலைப் போல இரண்டே கால் மடங்கு, 120-ல் போனால் கரைக்க வேண்டும். வேகம் ஒன்றரை மடங்குதான். ஆனால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 12 அங்குல ரிம்முக்குள் அடங்கும் பிரேக்கை வடிவமைத்தவர்கள் 40 குதிரையை மனதில் வைத்துத்தான் வடிவமைத்தார்கள்.

1961-ல் இங்கிலாந்தில் ஜான் கூப்பரின் யோசனையில், 848 சி.சி. மினி காரில் 997 சி.சி. எஞ்சினை வைத்தார்கள். 34 குதிரை, 55 ஆனது. அதே கையோடு முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் வைத்தார்கள். அதுதான் மினி கூப்பர். 1976-ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரில் 1.6 லிட்டர் இன்ஜெக்ஷன் எஞ்சினை வைத்து ஜி.டி.ஐ. செய்தபோதும் முன் டிஸ்க்கைக் காற்றோட்டமுள்ளதாக மாற்றினார்கள். குதிரையை மாற்றியவர்கள் கடிவாளத்தையும் மாற்றினார்கள். நீங்கள்?

● ஹீட் ஆகிறது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டார். சரிதானே?
*கொதிப்பவர், வேலூர்*

காய்ச்சல் வந்ததற்குத் தெர்மாமீட்டரை உடைத்த கதை. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வரத் தாமதமாகும். ‘இன்னும் குளிராகவே இருக்கிறேன்’ என்று நினைத்துக் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மைலேஜ் போகும், சூடு போகாது.

எஞ்சினோடு வந்த ரேடியேட்டரையும் ஃபேனையும் வையுங்கள். குழாய்த் தண்ணீர் ஊற்றாமல் கூலன்ட் ஊற்றுங்கள். வேலூர் வெயிலுக்கு 796 சி.சி. ரேடியேட்டரில் 998 சி.சி. எஞ்சின் ஓட்டுவது, ஒரு குடத்துத் தண்ணீரில் கல்யாணப் பந்தி நடத்துவது.

● செலவு எவ்வளவு ஆகும்?
*பர்ஸ், ஈரோடு*

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இங்கே எஞ்சின்தான் சுண்டைக்காய்.

● சென்னை புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகக் கடைகளில் விசாரித்தேன். “எந்த எஞ்சின் வேணும்னாலும் ரெடி” என்கிறார்கள். வாங்கலாமா?
*சுற்றுலாப் பயணி, சேலம்*

எஞ்சின் பிளாக்கில் ஒரு நம்பர் குத்தியிருக்கும். அது ஏதோ ஓர் ஆர்.சி. புத்தகத்தில் யாருடைய பெயருக்கோ எதிரே எழுதப்பட்டிருக்கிறது. அந்த வண்டி முறையாகக் கழித்துக்கட்டப்பட்டதா, அல்லது இன்னமும் அதன் சொந்தக்காரர் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருக்கிறாரா என்பது எஞ்சினைப் பார்த்தால் தெரியாது.

பில் கேளுங்கள். வண்டியின் ஆர்.சி. நகலும், பதிவு ரத்தான சான்றும் கேளுங்கள். நம்பர் தேய்த்திருந்தாலோ, மறுபடி குத்தியிருந்தாலோ, எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். பேப்பர் இல்லாத எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதுதான் கேள்வி.

● சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது? “எல்லாரும் பண்றாங்க சார்” என்பதைத் தவிர.
*நேர்மையாளர், நாகர்கோவில்*

சட்டத்தைச் சட்டமாகக் கேட்ட ஒரே வாசகர். நீளமாகவே சொல்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு: தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரங்களுக்கு முரணாக ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 796 என்று ஆர்.சி.யில் இருக்க, உள்ளே 998 இருந்தால் அது முரண். மூடி மறைக்கவும் வழியில்லை. பானட்டைத் தூக்கினால் நம்பர் பேசும்.

2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் இதையே உறுதி செய்தது. தயாரிப்பாளரின் மூல விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்றது. அதே ஆண்டு சட்டத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் மாற்றினால் சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

வழியே இல்லையா? இருக்கிறது. பழைய எஞ்சின் போய்விட்டது, அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சினை வைக்கிறேன் என்றால் ஆர்.டி.ஓ. அனுமதியோடு வைத்து, புது எஞ்சின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம். அதாவது 796-க்கு 796. மாற்று, ஆனால் மாறாதே என்கிறது சட்டம்.

● ஆர்.டி.ஓ. யார் பானட்டைத் திறக்கப்போகிறார்?
*தைரியசாலி, தேனி*

காருக்கு 15 வயதானதும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை. அப்போதெல்லாம் பானட் திறக்கும். ரோட்டில் இருக்கும் 800-களில் பலவும் 15 தாண்டிய கிழம்தான். தீபாவளி வராமல் போனாலும் போகும், அந்த நாள் வராமல் போகாது.

● இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, பயம் என்ன?
*பிரீமியம் கட்டுபவர், பொள்ளாச்சி*

நீங்கள் இன்ஷூர் செய்தது 796 சி.சி. காரை. மோதியது 998 சி.சி. கார். சர்வேயர் இந்த இரண்டு வரியைத்தான் எழுதுவார். சொல்லாமல் செய்த மாற்றம் கிளெய்மை மறுக்கக் காரணமாகும். எதிரில் வந்தவருக்கு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டி வந்தால் அந்தச் சுமை உங்கள் வீட்டுப் பத்திரம் வரைக்கும் வரலாம்.

● வெளிநாட்டில் எல்லாம் சர்வசாதாரணமாகச் செய்கிறார்களாமே? நம் நாட்டில் மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி?
*விசா கிடைக்காதவர், விழுப்புரம்*

செய்கிறார்கள். கேள்வி கேட்காமல் விடுவதில்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் பழைய ஹோண்டா சிவிக்கில் புதிய ஹோண்டா எஞ்சின் வைப்பது தனி மதம். ஆனால் வைக்கும் எஞ்சின் காரின் வருடத்ததாகவோ அதைவிடப் புதியதாகவோ இருக்க வேண்டும். அதோடு வந்த புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒன்றுவிடாமல் கூடவே வர வேண்டும். அரசு நியமித்த ரெஃப்ரி பார்த்து, ஸ்டிக்கர் ஒட்டினால்தான் வண்டி ரோட்டுக்கு வரும். ஜெர்மனியில் பரிசோதகர் பார்த்து வண்டியின் ஆவணத்தில் எழுத வேண்டும்.

நான் கெடுபிடியைக் குறை சொல்லவில்லை. அங்கே பரீட்சை வைத்துப் பாஸ் போடுகிறார்கள். இங்கே பரீட்சையே வைக்காமல் எல்லாரையும் ஃபெயில் என்கிறார்கள். ஒழுங்காகச் செய்தவனுக்கும் வாசல் இல்லை என்றால், ஒழுங்காகச் செய்ய யாருக்கு ஆசை வரும்? அரசுக்கு என் வேண்டுகோள்: ஒரு பரீட்சை ஹால் திறங்கள்.

● சிவிக் என்றதும் ஞாபகம். ஹோண்டாவுக்கு ஹோண்டாவே வைக்கிறார்கள். அதிலாவது சுலபமா?
*ஜப்பான் ரசிகர், ஜோலார்பேட்டை*

1990-களின் சிவிக்கில் இருந்த டி, பி வரிசை எஞ்சின்கள் ஒரு திசையில் சுற்றும். பிறகு வந்த கே வரிசை எதிர்த்திசையில் சுற்றும். அதனால் எஞ்சின் கூண்டில் இடமும் வலமும் மாறுகிறது. முன்னால் இருந்த புகைக்குழாய் பின்னால் போகிறது. சொந்தக்காரர் என்பதால் சுலபம் என்று நினைப்பவர், சொந்தத்தில் சொத்து பிரித்துப் பார்க்காதவர்.

● நம்மூர்க் கம்பெனிகள் யாராவது பழைய உடம்பில் புது எஞ்சின் வைத்திருக்கிறார்களா?
*வரலாற்று மாணவி, மதுரை*

வைத்துக்கொண்டே இருந்தார்கள். புது உடம்பு செய்வதைவிட அது மலிவு. 1985-ல் பம்பாய் பிரீமியர் கம்பெனி, 1960-களின் ஃபியட் 124 உடம்பில் நிசானின் 1,171 சி.சி. எஞ்சினை வைத்து 118 என்.இ. என்று விற்றது. என்.இ. என்பதே நிசான் எஞ்சின்தான். 1990-களின் தொடக்கத்தில் அம்பாசடருக்குள் இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சின் புகுந்தது. 75 குதிரை, ஐந்து கியர். அதுவரை பொறுமைக்குப் பேர்போன அம்பாசடர், லாரியை முந்தப் பழகியது. மந்திரி கார்களுக்கு அவசரம் வந்ததும் ஏறக்குறைய அப்போதுதான்.

● தலைகீழாக, புது உடம்பில் பழைய எஞ்சின்?
*குறும்புக்காரர், குன்னூர்*

அந்தப் பெருமை மதராசுக்கு. பிரிட்டனில் மூன்றரை லிட்டர் வி-8 எஞ்சினோடு ராஜ நடை போட்ட ரோவர் எஸ்.டி.1 காரின் உடம்பை, நம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி வாங்கி வந்தது. உள்ளே, 1940-களில் பிறந்த வான்கார்டு எஞ்சினின் 2 லிட்டர் வாரிசை வைத்து, 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று விற்றது. பட்டு வேட்டி கட்டிய பெரியவரை ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்பிய மாதிரி. சில ஆண்டுகளிலேயே காரும் போனது, கம்பெனியின் மூச்சும் போனது.

● 800-ன் பழைய எஞ்சினுக்கு ஒரு பெருமையும் கிடையாதா? பாவம் சார்.
*இளகிய மனசுக்காரர், ஸ்ரீவில்லிபுத்தூர்*

உண்டு. 1980-களின் கடைசியில் கோவை கரிவரதன் அந்த 796 சி.சி. எஞ்சினைத் தூக்கி, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் வைத்தார். பெயர் ஃபார்முலா மாருதி. மளிகைக்கடைக்குப் போய் வந்துகொண்டிருந்த எஞ்சின், ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில் பாய்ந்தது. பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன் பந்தயம் தொடங்கியது அந்தக் காரில்தான். எஞ்சினைப் பெரிதாக்காமல் வண்டியைக் குறைத்தார் கரிவரதன். வேகத்துக்கு அப்படியும் ஒரு வழி இருக்கிறது.

● ஸ்விஃப்ட்டின் 1.3 டீசல் எஞ்சினை 800-ல் வைத்தால்?
*டீசல் ரசிகர், திண்டுக்கல்*

ஃபியட் வடிவமைத்த அந்த 1,248 சி.சி. எஞ்சின் ஸ்விஃப்ட், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று அத்தனை வீட்டிலும் குடியிருந்தது. ‘தேசிய எஞ்சின்’ என்றே செல்லப்பெயர். ஆனால் தேசத்தில் 800 மட்டும் சேர்த்தி இல்லை. எடை, டர்போ, இன்டர்கூலர் என்று அதன் குடும்பம் பெரிது. மூக்குப் பாரத்தில் ஸ்டீயரிங் முறுக்கும், சஸ்பென்ஷன் படுக்கும். போதாததற்கு எரிபொருளும் மாறுகிறது. நான் தலைப்பில் சொன்ன குருவி உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் பறந்துவிட்டது.

● எஞ்சினே வேண்டாம், பேட்டரி வைத்துவிட்டால்?
*எதிர்காலம், எழும்பூர்*

ஆச்சரியம் என்னவென்றால், சட்டத்தின் கதவு இங்கேதான் கொஞ்சம் திறந்திருக்கிறது. பெட்ரோல் வண்டியை சி.என்.ஜி., எல்.பி.ஜி., மின்சாரம் என்று மாற்ற, அங்கீகாரம் பெற்ற கிட்டை விதிப்படி பொருத்தினால் 52-வது பிரிவே அனுமதிக்கிறது. ‘அங்கீகாரம் பெற்ற’ என்பதை அடிக்கோடிடுங்கள். உங்கள் கார் மாடலுக்கு அந்தக் கிட் அனுமதி பெற்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தெருமுனைக் கடையில் ஈ-ரிக்‌ஷா மோட்டாரை வைத்துக் கட்டுவதற்குப் பெயர் எதிர்காலம் அல்ல.

● காருக்கு எஞ்சின் மாற்றுவதைவிட டிரைவரை மாற்றலாம் என்கிறார் என் மனைவி.
*டிரைவர், திருவாரூர்*

அவர் சொன்னபடியே செய்யுங்கள். இந்த இதழிலேயே மிக மலிவான யோசனை அதுதான்.

● நீங்கள் எப்போதாவது மாற்றிப் பார்த்தீர்களா, அல்லது ஏட்டுச் சுரைக்காயா?
*நேருக்கு நேர், நெய்வேலி*

மாட்டிக்கொண்டேன். மாற்றினேன். ஒரு பழைய 800, ஒரு நல்ல மெக்கானிக், ‘ரெண்டு நாள் வேலை’. வண்டி ஏழு மாதம் செங்கல் மேல் நின்றது. பூனை அதில் இரண்டு பிரசவம் பார்த்தது. ஒருநாள் கிளம்பியது, பிரமாதமாக ஓடியது. அன்றைக்கே முதல் சிக்னலில் பிரேக்கை மிதித்தபோது, முன்னால் நின்ற ஆட்டோவின் பின்பக்க வசனத்தை மிக அருகில் இருந்து படிக்க நேர்ந்தது. ‘இறைவன் இருக்கின்றான்’ என்று போட்டிருந்தது. நம்பினேன்.

அடுத்த வாரமே அந்தப் புது எஞ்சினை இறக்கி, பழைய எஞ்சினை ரீபோர் செய்து ஏற்றினேன். புது பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு வேலை, ஹெட் கேஸ்கெட், கிளட்ச் பிளேட், கார்புரேட்டர் சர்வீஸ். முதல் ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினேன். அப்புறம் அது என்னைத் தொந்தரவு செய்யவில்லை. ஆட்டோவின் வசனத்தை இப்போது தேவையான தூரத்தில் நின்றே படிக்கிறேன்.

● கடைசியாக என்னதான் சொல்கிறீர்கள்? மூன்று சொல்லில் வேண்டாம்.
*பொறுமையிழந்தவர், பொன்னேரி*

வேகம் வேண்டுமா? வேகமான கார் வாங்குங்கள், செலவு குறைவு. பழைய கார்மேல் பாசமா? அதன் சொந்த எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்யுங்கள், பாசத்துக்கு அதுதான் அழகு. எஞ்சின் வெடித்தே போய்விட்டதா? அதே வகை எஞ்சினை அனுமதி வாங்கிப் பொருத்துங்கள். இல்லை, பெரிய எஞ்சின் வைத்தே தீருவேன் என்கிறீர்களா? பந்தய டிராக்குக்கு மட்டும் என்று முடிவுசெய்து, டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போங்கள். பொது ரோட்டில் மற்றவர் பிள்ளைகளும் நடக்கிறார்கள்.

எதைச் செய்தாலும் வரிசை இதுதான்: முதலில் பேப்பர், அப்புறம் பிரேக், கடைசியில் எஞ்சின். இதைத் தலைகீழாகச் செய்த எல்லாரும் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் எழுத வேண்டாம்.